ஒரே துணியில் ஏழு பேர்

"கையைத் தூக்குங்க சார். வயித்தை எக்காதீங்க, அப்புறம் சட்டை பொய் சொல்லும்" என்றார் தையல்காரர்.

குடியிருப்புச் சங்கச் செயலர் வயிற்றை அதன் போக்கில் விட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள். ஆண்களுக்குச் சட்டை, பெண்களுக்குச் சுடிதார்; எல்லோருக்கும் ஒரே இளநீலத் துணி. பார்ப்பவர்கள் கல்யாண வீடு என்றுதான் நினைப்பார்கள்.

அவர்கள் போகவிருந்தது கோர்ட்டுக்கு. அந்த அடுக்குமாடிக் கட்டடம் எட்டுப் பேருக்குப் பொதுச் சொத்து. எட்டுப் பேரும் எதிலும் ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. லிஃப்ட்டை யார் ரிப்பேர் செய்வது என்று முடிவாகாமல், அது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே தொங்குகிறது. அதற்குள் குடியேறிய புறா பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

"லிஃப்ட் ரிப்பேரில்கூட எங்களால் ஒத்துப்போக முடியவில்லை. கூட்டு உரிமையை முறித்து, கட்டடத்தை விற்றுப் பங்கு பிரித்துக் கொடுங்கள்" என்பதுதான் மனு. வாங்கி இடிப்பதற்கு ஒரு கம்பெனி தயாராக இருந்தது.

எட்டாவது பங்காளி இந்தத் தையல்காரர். மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து, அதுதான் அவர் கடை. அந்தப் பங்குக்குக் கிடைப்பதை வைத்து வேறெங்கும் தையல் மிஷினின் ஒரு காலைக்கூட ஊன்ற முடியாது. மாட்டேன் என்றவரை ஏழு பேரும் மாற்றி மாற்றிக் குடைந்து கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்கலையேப்பா?" செயலர் கேட்டார்.

"எனக்கென்ன சார். ஆளுக்கொரு கலர்ல, சந்தைக்கு வந்தவங்க மாதிரி போய் நின்னா ஜட்ஜய்யா மதிப்பாரா? ஒரே மாதிரி போங்க, ஒரே மாதிரி பேசுங்க. கூலி வேண்டாம். கடைசியா என் கையால இருக்கட்டும்."

"இவருல்ல மனுஷன்!" மூன்றாம் மாடி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதே அக்கா தன் தங்கையின் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த துணியை, தங்கைக்குக் குழந்தை பிறந்த பிறகு கொடுத்தவர் இந்தத் தையல்காரர். ஆனால் இந்த ஏழு உருப்படிகளும் சொன்ன தேதிக்கு முதல் நாளே, பட்டன் கட்டி, தேய்த்து, வீடு தேடி வந்தன. யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. ஓசியில் வருவதை யார் சந்தேகப்படுகிறார்கள்?

கோர்ட்டில் ஏழு நீலமும் வரிசையாக நின்றன. தையல்காரர் பழைய பழுப்புச் சட்டையோடு பின் பெஞ்சில் உட்கார்ந்தார். தனக்குத் தைக்க நேரமில்லையாம்.

"என்ன தகராறு?" என்றார் நீதிபதி.

"எதுலயும் ஒத்துப்போகலைங்க ஐயா!" ஏழு பேரும் ஒரே குரலில், பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி.

"எதுலயுமா?"

"எதுலயும் இல்லைங்க ஐயா!"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "எப்படி வந்தீங்க?"

"ஒரே வேன்லங்க ஐயா!"

வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுல நாங்க ரெண்டே பேருதான். ஜன்னலுக்கு என்ன கலர்ல திரை போடறதுன்னு இன்னிக்கு வரைக்கும் முடிவாகல. நீங்க ஏழு பேரு உடுத்துற துணியிலயே ஒத்துப்போயிருக்கீங்க. உங்களைப் பிரிச்சா எனக்குத்தான் பாவம். மனு தள்ளுபடி. முதல்ல போய் அந்த லிஃப்ட்டைச் சரி பண்ணுங்க" என்றார் நீதிபதி.

வராந்தாவில் ஏழு பேரும் ஒருவர் காலரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். "நீலம் நல்லாயிருக்குன்னது நீங்கதானே!" "வேனுக்குச் சொன்னது யாருய்யா?" ஒரு தையலும் விடவில்லை, அவ்வளவு கெட்டியாகத் தைத்திருந்தார்.

"நான் விடப்போறதில்ல! மேல் கோர்ட்டுக்குப் போறேன்!" செயலர் கத்தினார்.

தையல்காரர் கழுத்தில் கிடந்த அளவு டேப்பை உருவினார்.

"போங்க சார், இந்தத் தடவை பேண்ட்டும் சேத்துத் தைச்சுத் தர்றேன்."