இறங்காத சூடு

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் பலவேசத்துக்கு அந்தப் பெண்மேல் ஒரே எரிச்சல்.

அவர் தேய்த்து அனுப்பிய அவள் கணவன் இசக்கிதுரை, அருவியில் குளித்துவிட்டு வெடவெடத்து நின்றான். அவன் வயிற்றில் வில்லை மாதிரி ஓர் ஆன்டெனாவை ஒட்டிவிட்டு, லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஜெயபிரியா. உடம்புக்குள்ளிருந்து வரும் மைக்ரோவேவ் அலையை வாங்கி, உள்ளே எவ்வளவு சூடு என்று அது சொல்லுமாம்.

"எண்ணெ தேச்சு அருவியில நின்னா உள்சூடு தானா இறங்கிரும்மா. இதுக்குப் போயி மிஷினா?"

"தோலு ஐஸா இருக்கு அண்ணாச்சி. உள்ள மட்டும் குளிக்கதுக்கு முந்தி இருந்த அதே சூடு. கொஞ்சங்கூட இறங்கல." குதிக்காத குறையாகச் சிரித்தாள்.

பலவேசத்துக்கு முகம் தொங்கிவிட்டது. "சீசன் நேரத்துல எம் பொழப்பக் கெடுத்துட்டுச் சிரிக்கியளே."

"உங்க எண்ணெயச் சோதிக்க வரல அண்ணாச்சி. இந்த ஆன்டெனா நான் செஞ்சது. தோலு எவ்வளவு குளுந்தாலும் ஏமாறாம உள்ள இருக்கதச் சொல்லுதான்னு பாக்கத்தான் அருவிக்கே வந்தேன். பாஸாயிட்டு."

"அப்போ தம்பிக்குச் சூடு இறங்கலங்கது நெசந்தான?"

"நெசந்தான்."

பலவேசம் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். இன்னும் நடுக்கம் நிற்காத இசக்கிதுரையைப் பார்த்துச் சொன்னார்:

"உக்காருங்க தம்பி. இன்னொரு குளி போட்டுருவோம்."