குறுக்கே திரும்பிய செம்பி

கண்ணாடிமேல் பூசி இறுகிப்போன மெல்லிய பிளாஸ்டிக் படலத்துக்குள் செம்பி, மாதுளை என்று இரண்டு சாயத் துணுக்குகள் அடுத்தடுத்துக் குடியிருந்தன. தினமும் ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளி வந்து செம்பியைத் தொடும். தொட்டதும் அது இடுப்பு மடங்கிக் குனியும், பிறகு நிமிரும்.

"சும்மா இருக்கவே விடமாட்டேங்குதே இந்த ஒளி!" என்று ஒருநாள் செம்பி அலுத்துக்கொண்டது.

"நிமிரும்போதெல்லாம் அது அதிர்ற திசைக்குக் கொஞ்சம் குறுக்கே திரும்பிக்கோடி. முழுக்கத் திரும்பிட்டா அதால உன்னைத் தொடவே முடியாது. என்னைப் பாரு," என்றது மாதுளை.

செம்பி அப்படியே செய்தது. கடைசியில் ஒளி வந்தது, அங்கே யாருமே இல்லாததுபோல் கடந்து போனது. அப்பாடா என்றிருந்தது செம்பிக்கு.

அந்த நிம்மதி நாலு நாள்கூட நிலைக்கவில்லை; குனியாமல் நிமிராமல் கிடப்பது அதைவிட அலுத்தது.

"மாதுளை, நான் பழையபடி திரும்பிக்கிறேன்டி."

"எப்படித் திரும்புவே? இந்த இறுக்கத்துல நம்மை அசைச்சதே அந்த ஒளி தொட்டதுதானே."

செம்பி கேட்டது: "தெரிஞ்சேதான் என்னைத் திரும்பச் சொன்னியா?"

"எத்தனை காலம்தான் நான் ஒருத்தியே இப்படிக் கிடக்கிறது?" என்றது மாதுளை.

ஒளி வந்தது. இரண்டையும் கடந்து போனது.