பயணம் சொல்ல வந்தவர்

வாசல் மணி அடித்தது.

அவள் கையிலிருந்த கரண்டி நழுவி, சட்டியின் விளிம்பில் மோதித் தரையில் விழுந்தது. அடுப்பை அணைத்தாள். ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

யாரென்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டு மைமூனா லாத்தாதான்.

தெருவில் வேன் வந்து நிற்கிறது. மகனோடு ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறார். ஒரு வாரமாக வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லியாகிவிட்டது. தெரிந்தோ தெரியாமலோ செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு, ‘பொறுத்தோம்’ என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு போவது வழக்கம். மேலத்தெரு, கீழத்தெரு, மீன் விற்கிற பெண் உட்பட யாரும் பாக்கியில்லை.

சுவர் ஒட்டிய இந்த வீட்டுக்கு மட்டும் அவர் வரவில்லை.

இந்த ஏழு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தானே போய்விடலாம் என்று மூன்று தடவை முக்காட்டைப் போட்டாள். மூன்று தடவையும் நிலைப்படியோடு திரும்பிவிட்டாள்.

மணி இரண்டாவது முறை அடித்தது.

கதவைத் திறந்தாள்.

லாத்தா சிரித்தபடி உள்ளே வந்தார். எந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று அவள் பதறினாளோ, அதிலேயே உட்கார்ந்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன் அந்த இரண்டு பெண்களும் உட்கார்ந்த நாற்காலி. வெளியூர்க்காரர்கள். லாத்தாவின் மகள் ஜசீமாவைப் பெண் கேட்கும் முன், பக்கத்து வீட்டில் விசாரிக்க வந்திருந்தார்கள். அவள் தேநீர் கொடுத்தாள். பெண் தங்கமான பெண் என்றாள். தேநீர்க் குவளைகளை வாங்கிக்கொள்ளும்போதுதான் அதைச் சொன்னாள்.

சின்னதில் ஒரு தரம் வலிப்பு வந்தது, இப்போது ஒன்றுமில்லை.

பொய்யில்லை. மூன்று வயதில், கடுங்காய்ச்சலில், ஒரே ஒரு தரம் வந்ததுதான். காய்ச்சலை மட்டும் அவள் சொல்லாமல் விட்டாள். அதே மாப்பிள்ளையைத் தன் தங்கைக்குக் கேட்டு, அவர்கள் வேண்டாமென்று சொல்லி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்தப் பெண்கள் திரும்பி வரவில்லை. பேச்சு ஊரில் பரவியது. வேறு யாரும் வரவில்லை. ஜசீமாவுக்கு இப்போது முப்பத்து நான்கு.

பொய் சொல்லவில்லையே என்று இத்தனை வருஷம் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். போன வாரம், பெண்களுக்கான மார்க்கப் பயானில் பேசிய ஆலிமா அந்தத் தேறுதலையும் பிடுங்கிக்கொண்டார். இல்லாததைச் சொன்னால் அவதூறு, இருப்பதைச் சொன்னாலும் அது புறம் பேசுவதுதான் என்றார். படைத்தவனுக்குச் செய்த பிழையை அவனிடம் அழுது கேட்கலாம், ஓர் ஆளுக்குச் செய்ததை அந்த ஆள்தான் பொறுக்க வேண்டும் என்றார்.

அந்த ஆள் இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறார். வயது எழுபது. போகிற இடமோ, அங்கேயே மண்ணாகிவிட வேண்டுமென்று மனிதர்கள் ஏங்கும் இடம்.

தெருவில் வேன் ஒலி எழுப்பியது.

“இந்தா புள்ள,” என்றார் லாத்தா. “ஒங்க முருங்கை எங்க பக்கம் சாஞ்சப்பல்லாம் கேக்காமத்தான் பறிச்சேன். ஒம் பூனைய வெளக்கமாத்தால அடிச்சிருக்கேன். மீன நக்கிருச்சு, நானும் என்ன செய்ய? எல்லாத்தையும் பொறுத்துக்க.”



முருங்கைக்காய்க்கும் பூனைக்கும் மன்னிப்புக் கேட்கிறார். யார் யாரிடம் கேட்பது?

பொறுத்தேன் என்று எப்படியோ சொல்லிவிட்டாள்.

லாத்தா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை பத்தடி.

எட்டடி.

திறந்த கதவு வழியாக வேன் தெரிந்தது. ஜசீமா உம்மாவின் பெட்டியில் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் அடையாளம் தெரிய வேண்டுமே. பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினாள். நெற்றியோரம் ஒரு கற்றை நரைத்திருந்தது.

மூன்றடி.

அவள் லாத்தாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த இரண்டு பெண்களிடம் வலிப்பு என்று சொன்னது நான்தான் என்றாள். காய்ச்சலை மறைத்ததையும், தங்கையின் கதையையும் சொன்னாள். பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள்.

லாத்தா அதிரவில்லை.

ஏன் அதிரவில்லை?

வேன் மறுபடி ஒலித்தது. மகன் நேரமாகிவிட்டதென்று கூப்பிட்டார். லாத்தா அவசரப்படவில்லை. அவள் பிடியிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கையையே அவள் தலையில் வைத்தார். கனமாக இருந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

“எனக்குச் செஞ்சத நான் எப்பவோ பொறுத்துட்டேன் புள்ள. அவளுக்குச் செஞ்சத நான் எப்படிப் பொறுக்க? நான் திரும்பி வர்ற வரைக்கும், நாப்பது நாளும் ஜசீமா வீட்லதான் இருப்பா.”