சத்தம் போடாத வண்டி

தை பிறந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. திருமயத்தில் பனி இன்னும் விலகியிருக்கவில்லை.

சேவுகன் தம்முடைய பழைய மோட்டார் சைக்கிளின் முன் முக்காலி போட்டு அமர்ந்திருந்தார். எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசில் ஒரு கிராம் குறைந்தாலும் கடைக்காரரின் மூன்று தலைமுறையை விசாரித்தவர்.

இன்ஜின் இரவெல்லாம் ஆறிக் கிடந்தது. வால்வைத் தட்டும் டேப்பட்டின் மூடியைக் கழற்றி, பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை இறுக்கினார். வால்வின் மேல் இருக்க வேண்டிய மயிரிழை இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு கையில் இருந்தது.

காபியுடன் வந்த மனைவி ராசாத்தி குனிந்து பார்த்தார்.

"என்னங்க, போன தடவ இந்தத் தகடு உள்ள போயி வந்துச்சே. இப்ப நுழையவே மாட்டேங்குது?"

"நுழையக் கூடாதுன்னுதான் இறுக்குறேன். எடவெளி இருந்தா டக்டக்குன்னு சத்தம் வரும். சத்தம் கேட்டா, வாங்க வாரவன் வெலயக் கொறைப்பான்."

"இறுக்குனா வால்வு கருகிரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கருக ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள அது யார் வீட்டு வண்டியோ!"

"பாவமில்லையா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? சத்தம் வருதான்னு கேப்பான். வரலேம்பேன். உண்மைதானே?"

ஒன்பது மணிக்கு ரெங்கராஜ் என்ற இளைஞர் வந்தார். வண்டியைக் கிளப்பிக் காது கொடுத்துக் கேட்டார்.

"பன்னண்டு வருச வண்டின்னு சொல்லவே முடியாதுங்க. சத்தமே இல்ல!"

"தராசு பிடிச்ச கை தம்பி. அளவு தப்பாது. நாப்பதாயிரம், ஒத்த ரூபா கொறையாது."

பேரமே பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார் ரெங்கராஜ்.

"ஏமாளிப் பய," என்று சிரித்தார் சேவுகன்.

மதியம் அரிமளத்திலிருந்து மருமகன் கோபிநாத் போனில் பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. ரெங்கராஜ் என் ஃபிரண்டுதான். காசு குடுத்து அனுப்புனது நான். நானே வந்து கேட்டா, 'மாப்பிள்ளைகிட்டக் காசு வாங்குறதா'ன்னு வண்டியச் சும்மா குடுத்துருப்பீங்க. ஒங்க மக சிவரஞ்சனியத் தெனம் அவ வேல பாக்குற ஸ்கூல்ல கொண்டுபோயி விடணும். வெளிய வாங்குனா எவனாச்சும் ஏமாத்திருவான். ஒங்க வண்டின்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்ல?"

சேவுகன் மனதுக்குள் கணக்குப் போட்டார். திருகை அரைச் சுற்றுத் தளர்த்தச் சொன்னால் போதும். மகள் நடுவழியில் நிற்க மாட்டாள். ஆனால் யார் இறுக்கியது என்று கேட்பாரே!

"மாப்பிள்ளை... வண்டிய..."

"சொல்லுங்க மாமா."

"...ஒரு பூஜை போட்டு ஓட்டுங்க."

ராசாத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை சேவுகன் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். அவர் செய்த செலவு அவ்வளவுதான்.

மாசி நடுவில், சிவரஞ்சனியுடன் ஆளில்லாத ரோட்டில் நின்றுபோனது வண்டி. கருகிய வால்வை மாற்ற நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டியவர் கோபிநாத். அன்றைக்கு அவர் மனைவியிடம் சொன்னதை, மகள் தாயிடம் சொல்ல, ராசாத்தி வார்த்தை மாறாமல் சேவுகனிடம் ஒப்பித்தார்:

"மாமாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. நல்ல மனுசன், ஒடனே காசத் தூக்கிக்கிட்டு வந்துருவாங்க."