ஞாயிற்றுக்கிழமை டூட்டி

பிணம் வீட்டில் கிடந்தது. கமிட்டி டீ குடித்துக்கொண்டிருந்தது.

கோயிலை ஒட்டிய சின்ன அறை. நீள மேஜை, ஏழு நாற்காலி. ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது காலிதான். ஆனாலும் செத்தவரின் மனைவியை யாரும் உட்காரச் சொல்லவில்லை. கதவோரம் நின்றாள்.

"ஐயா, சாயந்தரம் நாலு மணிக்கு எடுக்கணும். கோயில் கல்லறையில இடம் கொடுங்க. எங்க பாப்பா அங்கதான் இருக்கா. அவ பக்கத்துல போடணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

பாப்பா மூன்று வயதில் காய்ச்சலில் போனவள்.

போதகர் செயலாளரைப் பார்த்தார். அந்தச் சபையில் போதகர்கள் வருவார்கள், மாறிப் போவார்கள். செயலாளர் மாறுவதில்லை. ஒரு ஞாயிறு ஆராதனைகூடத் தவறவிடாதவர். முதல் வரிசை, மனைவியோடு. 'குடும்பம்னா இப்படி இருக்கணும்' என்று பிரசங்கத்திலேயே அவரைக் காட்டுவது வழக்கம்.

செயலாளர் பதிவேட்டைத் திறந்தார்.

"பன்னிரண்டு வருஷம். ஒரு ஆராதனை, ஒரு திருவிருந்துக்குக்கூட வரலை. முன்மாதிரியான கிறிஸ்தவ வாழ்க்கை வாழ்ந்தவங்களுக்குத்தான் உள்ளே இடம்னு விதி இருக்கு. இது நான் போட்ட விதி இல்லம்மா."

"அவருக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டிங்க. ஆஸ்பத்திரியில வார்டு வேலை. நோயாளியை அப்படியே போட்டுட்டு எப்படிங்க வருவாரு?"

"வருகையை வெச்சு மட்டும் முன்மாதிரின்னு சொல்லிட முடியுமா?" என்றார் போதகர். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. தயங்கித் தயங்கித்தான் பேசுவார்.

"வேற எதை வெச்சு ஐயா சொல்றது? மனசைத் திறந்து பார்க்க முடியுமா? பதிவேட்டைத்தான் திறக்க முடியும்."

கமிட்டியில் இருந்த டீச்சரம்மா தலையாட்டினார். "சின்னப் பிள்ளைங்க பார்க்குதுங்க. இவரை உள்ளே போட்டா நாளைக்கு எது கோயிலுக்கு வரும்?"

"டூட்டியாம் டூட்டி!" என்றார் கடைக்காரர். கமிட்டியில் வாய் நீளம் அவருக்குத்தான். "என் தங்கச்சி மருமகன் அதே ஆஸ்பத்திரியிலதான் இருக்கான். ஞாயிறு உன் வீட்டுக்காரனுக்கு வார லீவு. இன்னிக்கு நேத்து இல்ல, பன்னிரண்டு வருஷமா லீவு."

"இல்லைங்களே... எட்டு மணிக்கெல்லாம் சைக்கிளை எடுத்துடுவாரே. மதியம்தான் வருவாரு."

"எடுப்பான். நானே பார்த்திருக்கேன். நாம கோயிலுக்கு வர்றப்ப அவன் எதிர்ப்பக்கம் போவான். பையில துண்டு, சோப்பு." கொஞ்சம் நிறுத்தினார். "எந்த வீட்டுல குளியலோ, யாருக்குத் தெரியும்!"

யாரோ சிரித்தார்கள். பிறகு அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"வாயைக் கழுவுங்கண்ணே! செத்துக் கிடக்கிற மனுஷன்..."

அவள் தரையைப் பார்த்தாள்.

"வரும்போது தலை ஈரமாத்தான் இருக்கும்" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "ஏங்கன்னு கேட்டா, வார்டு நாத்தம், குளிச்சிட்டேன்னு சொல்லுவாரு."

டீச்சரம்மா, போதும் போதும் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போதகர் செயலாளர் பக்கம் குனிந்தார். "நீங்க பழைய ஆள். அவர் எப்படிப்பட்டவர்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

செயலாளர் பேனா மூடியைத் திருகினார். பிறகு திரும்பத் திருகினார்.

"எனக்கு அதிகப் பழக்கம் இல்லைங்க ஐயா."

கை தூக்கச் சொன்னார்கள். கடைக்காரர் கைதான் முதலில் எழுந்தது. செயலாளர் கை கடைசியில். ஆனால் எழுந்தது. போதகர் கை மட்டும் மேஜை மேலேயே கிடந்தது.

"பொது மயானத்துல ஏற்பாடு பண்ணிக்கோம்மா. நான் வந்து ஜெபம் பண்றேன்" என்றார் போதகர்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அழவில்லை. கெஞ்சவும் இல்லை.

"சரிங்க. எங்கயோ ஒரு இடத்துல போட்டுக்கறேன்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "பாப்பா பக்கத்துல அவரு வேண்டாம்."

போய்விட்டாள்.

செயலாளர் தீர்மானத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நாலு தெரு. மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள். அவர் நுழைந்ததும் சாத்தித் தாழ் போட்டாள்.

"என்ன ஆச்சு?"

"இடம் இல்லைன்னு முடிவாச்சு."

"நீங்க வாயே திறக்கலையா?"

"திறந்தா? நம்ம மானம் சந்தி சிரிக்கும். செத்தவனே பெண்டாட்டிகிட்டகூட மூச்சு விடாமப் போயிருக்கான். நான் எதுக்கு இழுத்து விடணும்?"

"மூச்சு விடக்கூடாதுன்னு பைபிள் மேல கை வெச்சு சத்தியம் வாங்கினதே நீங்கதானே?"

செயலாளர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "குடிக்கத் தண்ணி கொண்டா."

அவள் நகரவில்லை. பூட்டியிருந்த பின்னறையைப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் வீட்டுல இருக்காருன்னு சபையில சொல்லி வெச்சிருக்கீங்களே, புத்தி கலங்கின உங்க அப்பா, அவருக்கு வர்ற ஞாயிறு, நாம கோயில்ல உட்கார்ந்திருக்கறப்ப, யாருங்க மலம் அள்ளிக் குளிப்பாட்டி விடுவா?"