மழைக்கு மட்டும் பிளேன்டீ

"ஐயா, இந்தப் பக்கத்துல நான் முழங்கால் தண்ணியில நிக்கிறேன். அந்தப் பக்கத்துல அடுப்புப் பத்த வச்சுக்கிட்டு இருக்கேன். எதுங்கய்யா நெசம்?"

மாநகரசபைக் கந்தோர் அறையைக் கூட்ட வந்த நல்லம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு கேட்டாள். பொறியியலாளர் விமலநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கம்ப்யூட்டரில் ஓர் இணையப் பக்கம். கட்டுகஸ்தோட்டையில் அவள் குடியிருக்கும் ஒழுங்கை அதில் பக்கம் பக்கமாய் இரண்டு படமாகத் தெரிந்தது. மவுஸால் மழையைக் கூட்டினால் நீலத் தண்ணீர் ஏறும். இடப்பக்கக் கணிப்பு, மழைத்தண்ணீர் வடியும் கான் அடைபட்டுக் கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டு அங்குள்ள ஆறு வீட்டையும் மூழ்கடித்தது. வலப்பக்கமோ, கான் சுத்தமாய் ஓடுகிறது என்று நம்பி ஒரு சொட்டும் உள்ளே விடவில்லை.

"எது சரியெண்டு திங்கட்கிழமை நான் எழுதிக் குடுக்கோணும். இடப்பக்கம் சரியெண்டால்..."

"வீட்டை ஒடைச்சு எங்கள பழையபடி பன்விலைத் தேயிலைத் தோட்டத்துக்கே அனுப்பிருவாங்க. தெரியும்யா." அவள் முகம் வாடிவிட்டது. "ஆனா இந்த வருசம் தண்ணி ஏறலீங்க. மழை பெய்யிறப்ப வந்து பாருங்க. அந்த முனைக் கடைப் பளீல் முதலாளி கூத்தையும் பாருங்க! எங்களுக்குச் சும்மா, பாலில்லாத ஒரு பிளேன்டீகூட தரமாட்டாரு. மழை விழுந்தா மட்டும் ஆமிக்காரங்களக் கூப்பிட்டு வடையோட உபசாரம்!"

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. விமலநாதன் அளவுகோலும் குடையுமாக பஸ்ஸேறிப் போய் இறங்கினார்.

ஒழுங்கை முனையில் ஆமிக் காவலரண். அடுக்கிய மண்மூட்டைகளில் பாதி, கான் வாயின் மேலேயே கிடந்தது.

அட கடவுளே, அப்ப இடப்பக்கம்தான் சரி! 2008ஆம் ஆண்டு, யுத்தம் உச்சத்தில். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையை வைத்துக்கொண்டு, மூட்டையை எடு என்று ஆமியிடம் யார் போய்ச் சொல்வது?

எதிர்க் கடைக்குள் நல்லம்மா சொன்ன அதே கூத்து. இரண்டு சிப்பாய்கள் கதிரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, பளீல் பல்லிளித்தபடி பிளேன்டீ ஊற்றினார்.

"சனம் மூழ்கப் போகுது, இந்தாளுக்கு வால் பிடிக்கிற வேலை!"

கறுவிக்கொண்டே ஒழுங்கைக்குள் இறங்கி, நல்லம்மா வீட்டு வாசலில் அளவுகோலை ஊன்றினார்.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. வாசற்படியைத் தொட்டது. திடீரென்று மளமளவென வடிந்தது!

முனைக்கு ஓடினார். சாரத்தை மடித்துக் கட்டிய பளீல், கானுக்குள் நின்று மண்மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார்.

"உஷ்! சத்தம் போடாதீங்க சேர். மேலிடத்து ஓடர் இல்லாம மூட்டைய எடுக்க ஏலாதெண்டு ஆமிக்காரங்க சொல்லிட்டாங்க. அவங்க குடிச்சு முடியிறதுக்குள்ள தண்ணிய விட்டுட்டு, திரும்ப அடுக்கோணும். கண்டா என்னையே தூக்கிட்டுப் போவாங்க!"

விமலநாதன் குடையை வீசிவிட்டு, காற்சட்டையோடு கானுக்குள் குதித்தார்.

"தள்ளுங்கோ, மற்ற மூட்டையை நான் பிடிக்கிறன். வீட்டை உடைக்கச் சொல்லமாட்டன் முதலாளி. அங்கால தள்ளிக் கானுக்கு இன்னொரு வாய் வெட்டச் சொல்லி எழுதுறன், முருகனாணை!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு மூட்டையைத் தூக்கினார்கள்.

அப்போது கடைக்குள்ளிருந்து, வெளியே திரும்பியும் பார்க்காமல், ஒரு சிப்பாய் சிங்களத்தில் கத்தினான்:

"முதலாளி, அவசரமில்லை! மழை விடும்வரைக்கும் நாங்கள் ஊதி ஊதித்தான் குடிப்போம்!"