ஒட்டாத அணுக்கள்

ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒருவகை ஒட்டுப் புரதம் உண்டு. காயம் பட்ட இடத்தில் அது தலைநீட்டி, ஓடுகிற வெள்ளையணுவைப் பிடித்து நிறுத்தும். அந்தப் புரதத்தைக் கண்ணாடிக் குழாயில் பூசி, வெள்ளையணுக்களை ஓடவிட்டு, ஆய்வு மாணவி வான்மதி எட்டு மாதமாகக் காத்திருக்கிறாள். ஒரு அணுகூட நின்றதில்லை. "உன் கைதாம்மா சரியில்ல" என்று சொல்லிவிட்டார் பேராசிரியர். அன்று தோளில் கைவைத்துத் தேற்றியவள் பக்கத்து மேசை ரெஜினாதான்.

இன்று தன் புரதம் தீர்ந்துபோகவே, ஃப்ரீசரில் ரெஜினாவின் தட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்துப் பூசினாள். நுண்ணோக்கியின் திரையில் உருண்டு வந்த அணு ஒன்று தயங்கியது; நின்றது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு கூட்டமாக. கண்ணைத் துடைத்துக்கொண்டு குப்பியைப் பார்த்தாள். ஈரத்தில் ரெஜினாவின் பெயர்ச்சீட்டு பாதி நழுவியிருந்தது. அடியில் இருந்தது வான்மதியின் கையெழுத்து, எட்டு மாதத்துக்கு முந்தைய தேதியோடு. அப்படியானால் இத்தனை நாளும் தன் தட்டில் இருந்தது வெறும் உப்புநீர்.

கதவு திறந்தது.

"இன்னைக்காவது ஒட்டுச்சாடி?" ரெஜினா வழக்கம்போலத் தோளில் கைவைத்தாள்.

வான்மதி திரையை அணைத்திருந்தாள்.

"இல்லடி."

எட்டு மாதத்தில் முதல் முறையாக அது பொய். தோளில் இருந்த கை ஆறுதலாக அழுத்தியது.